தோல் கத்தி உறை (சேலம் சமவெளி)

கத்தி உறை என்பது கத்தியின் அலகை மூடிக் காக்கும் கூடு. அரசர்களின் வாள் உறைகள் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆடு மேய்ப்பவரும் விறகு வெட்டுபவரும் இடுப்பில் செருகிய கத்திகளின் உறைகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. வேறொரு பொருளாக இருந்து தேய்ந்த தோலில் தைக்கப்பட்டு, கிழிந்ததும் எறியப்பட்டவை அவை. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தச் சிறு பொருளின் வரலாறு, கிணற்றுப் பாசனத்தோடும் தோல் ஏற்றுமதியோடும் பின்னிக் கிடக்கிறது.

சேலத்துக்குக் கிழக்கே, விருத்தாசலம் செல்லும் ரயில் பாதையில் உள்ள ஊர் அயோத்தியாப்பட்டணம். வடக்கே சேர்வராயன் மலை. சுற்றிலும் மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும். தோல் பதனிட வேண்டிய சரக்குகள் இத்தகைய நிலத்திலேயே கிடைத்தன. வறண்ட மேட்டில் தானாக வளரும் ஆவாரையின் பட்டை முதன்மையானது. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைக் காடுகளிலிருந்து கடுக்காய் இறங்கியது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் போட்டு வைத்தால், பட்டையின் துவர்ப்புச் சத்து தோலில் ஏறி அதை அழுகாமல் காக்கும். கடுக்காய் நீரில் முக்கி எடுத்து, எண்ணெய் தடவி உலர்த்தினால் வேலை முடிந்தது.

அந்நாளில் ஊரில் அதிகத் தோலைக் கேட்டது செருப்பு அன்று, கவலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, கிணற்றிலிருந்து நீரை மேலேற்றும் அமைப்பு அது. தென் மாவட்டங்களில் கமலை என்பர். நீர் மொள்ளும் சாலின் அடியில் யானைத் தும்பிக்கை போன்ற தோல் குழாய் ஒன்று இணைந்திருக்கும். தும்பி என்றும் வால் என்றும் அதற்குப் பெயர். நாள் முழுவதும் நனைந்து, கல்லில் உரசும் அந்தத் தோல் விரைவில் ஓட்டையாகும். ஒட்டுப்போட்டும் பயனில்லை என்ற நிலையில் கழற்றி எறியப்படும் தும்பியில், உரசல் படாத பகுதிகள் நல்ல உறுதியோடு இருக்கும். செருப்பு வார், மாட்டுக் கழுத்துப் பட்டை, சாட்டை, கத்தி உறை ஆகியவற்றுக்கு அந்தத் துண்டுகள் போதும்.

கழிவைப் பயன்படுத்தியது சிக்கனம் மட்டும் என்று கொள்வது சரியாகாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியில் சார்லஸ் டி சூசா என்பவர் ஆவாரம்பட்டைப் பதனிடும் முறையை ஏற்றுமதித் தரத்துக்கு உயர்த்தினார். பின்னர் சென்னை மாகாணமெங்கும் தோல் கிடங்குகள் பெருகின. பாதி பதனிட்ட தோல்கள் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போயின. ஊரில் செத்த மாட்டின் தோலை வாங்க வியாபாரியின் தரகர் வந்தார். விலை ஏறியது. முழுத்தோல் ஊரைவிட்டு வெளியேற, உள்ளூர்த் தொழிலாளியின் கையில் தங்கியது துண்டும் பழந்தோலுமே.

உழவருக்கும் இது சுமையாயிற்று. 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் உப்பால் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கியபோது, கவலைக்கு நீண்டநாள் உழைக்கும் தோலைத் தருவதே அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. சென்னையின் குரோம்பேட்டை அந்தக் குரோம் தோல் தொழிலால் பெயர் பெற்ற இடம்.

கத்தி உறைக்கு, குரோம் தோலைவிட ஆவாரம்பட்டைத் தோலே ஏற்றது. நனைத்தால் இளகும், வடிவம் கொடுத்து உலர்த்தினால் அப்படியே விறைத்து நிற்கும். குரோம் தோல் துணிபோல் துவளும். உறை செய்பவர் முதலில் பழந்தோலை மடித்துப் பார்ப்பார். மடிப்பில் வெடிப்பு விட்டால் அது ஆகாது. தேறிய துண்டைச் சுத்தம் செய்து, கத்தியை அதன்மேல் கிடத்தி, மடித்தபின் அலகைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்குமாறு வெட்ட வேண்டும். பிறகு அதைக் கத்தியின் முதுகுப் பக்கம் மடிப்பு வருமாறு மடிக்க வேண்டும். வெட்டும் வாய் தையல் பக்கம் வருமல்லவா? அங்கேதான் சூட்சுமம். இரு தோலுக்கும் நடுவே ஒல்லியான தோல் வார் ஒன்றை வைத்துத் தைத்தால், கூர்முனை அந்த வாரில் படுமே தவிர நூலை அறுக்காது. இந்த வாரில்லாத உறை சில நாளில் பிரிந்து தொடையைக் கிழிக்கும்.

குத்தூசியால் ஒரே சீராகத் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தித் தைப்பது உறுதியானது. ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிரியா. தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, எண்ணெய் பூசித் தாளில் சுற்றிய கத்தியை உள்ளே செருகி, விரலால் அழுத்தி வடிவம் பிடித்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். உலர்ந்தபின் விளக்கெண்ணெயோ புங்க எண்ணெயோ சிறிதளவு தடவலாம். தோல் ஈரத்தை உறிஞ்சிவைப்பதால், மழைக்காலத்தில் கத்தியை நெடுநாள் உறைக்குள்ளேயே விட்டால் துருப்பிடிக்கும்.

நேரான கத்திக்கே இந்த உறை. வளைந்த அரிவாள் இதில் நுழையாது. அதனால் பனையேறிகள் இடுப்பில் அரிவாள்பெட்டி கட்டினர். நாவிதர் சவரக்கத்தி வைத்த தோல் பைக்கு அடைப்பம் என்ற தனிப் பெயரே உண்டு.

இத்தொழிலைச் செய்தோர் மேற்குத் தமிழகத்தின் அருந்ததியர். செத்த மாட்டை அகற்றுவதும், கவலைக்குத் தோல் தைப்பதும், செருப்புக் கொடுப்பதும் அவர்கள் கடமை என்று ஊர் விதித்தது. அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியமே கூலி. உறைபோன்ற சில்லறை வேலைக்குத் தனிக்கூலி கேட்க அந்த முறையில் இடம் குறைவு. அவர்களின் கைத்திறனைப் போற்றி எழுதுவோர், அது விரும்பித் தேர்ந்த தொழில் அன்று என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1937இல் மேட்டூர் மின் உற்பத்தி தொடங்கியது. விடுதலைக்குப் பின் கிணறுதோறும் மின்மோட்டார் வர, கவலை மறைந்தது; பழந்தும்பியும் கிடைக்காமற் போயிற்று. செருப்புக்கு லாரி டயர் வந்தது. தோல் வேலையை விட்டு வெளியேறியது அருந்ததியர் பலருக்கு விடுதலையாகவே அமைந்தது. 2009இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அவர்களுக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்துச் சட்டம் இயற்றியது.

இன்று உறை செய்ய விரும்புவோருக்குப் பழைய இடுப்புப் பட்டையும் கைப்பையும்தான் மூலப்பொருள். பெயர் தோல் பட்டை என்றாலும், தோல்தூளை ஒட்டி அழுத்திச் செய்தவையும் அவற்றில் உண்டு. வெட்டிய விளிம்பில் நார் தெரியாவிட்டால் ஒதுக்கிவிடலாம். நாமக்கல் லாரிக் கூண்டுப் பட்டறைகளில் இருக்கை தைத்து மிஞ்சும் ரெக்சின் துண்டும் எளிதாகக் கிடைக்கும். அது துணிமேல் பிளாஸ்டிக் பூசியது. கூர்முனை பட்டால் இரண்டு மூன்று செருகலிலேயே கிழியும்.