அமாக்சிசிலின் சிரப் (குழந்தைகளுக்கானது)

பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த ஆன்டிபயாட்டிக். 1972இல் புழக்கத்துக்கு வந்தது. பாக்டீரியாவால் வரும் நடுக்காது அழற்சி, தொண்டை அழற்சி, நிமோனியா ஆகியவற்றுக்குத் தரப்படுகிறது. வைரஸ் சளிக்கு இதனால் பயனில்லை.

கடையில் பெரும்பாலும் பொடியாகவே கிடைக்கும். கொதித்து ஆறிய நீரைப் பாட்டிலின் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடுவரை நிரப்ப வேண்டும். கலக்கிய மருந்தைப் பொதுவாக 7 நாள் வைத்திருக்கலாம். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பது வீண் சிக்கனம். மருந்து அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும்.

அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எடை. 5 மி.லி.யில் 125 மி.கி., 250 மி.கி. என இரு செறிவுகள் உண்டு. பழைய சீட்டின் ‘ஒரு மூடி’ கணக்கை நம்பினால் அளவு இரட்டிப்பாகிவிடக்கூடும். சமையலறைக் கரண்டி கூடாது, மி.லி. குறியிட்ட மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ வேண்டும். சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறம் வைத்து மெல்லச் செலுத்தினால் புரையேறுவது குறையும். பால்புட்டியில் கலந்தால், குழந்தை மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும்.

லேசான வயிற்றுப்போக்கு வருவதுண்டு. உடலில் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றபடி காய்ச்சல் தணிந்தாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுக்கவும்.