பழசு: பிச்சையா, சரக்கா?

‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு போனவரை நம் தெருக்களுக்குத் தெரியும். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவரைத் தெரியும். காயலான் கடையைத் தெரியும். ஒரு வீடு வேண்டாம் என்று கழித்த பொருள் இன்னொருவர் கையில் காசாகிறது. இந்தத் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டென்று பாடப்புத்தகம் எதுவும் சொன்னதில்லை. வணிக வரலாறு என்றால் மிளகு, முத்து, பருத்தி. குப்பைக்கு ஏதுடா வரலாறு என்பார்கள். ஆனால் இந்த நாட்டில் யார் புதுசை வாங்கலாம், யார் பழசை வாங்கிக்கொண்டு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு சட்டமே தீர்மானித்திருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளருக்கு விதித்தது என்ன? ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும், இரும்பில்தான் நகை போட வேண்டும். அதே அத்தியாயத்தின் 125ஆம் சுலோகம் சூத்திர ஊழியனுக்கு என்ன தரலாம் என்று பட்டியல் போடுகிறது: எச்சில் சோறு, கந்தல் துணி, பதர், வீட்டில் கழித்த தட்டுமுட்டுச் சாமான். நாலே சுலோகம் தள்ளி 129இல் இன்னொரு விதி. சூத்திரனுக்குத் திறமை இருந்தாலும் அவன் செல்வம் சேர்க்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சூது விளங்கும். பழசு உனக்கு உண்டு, அதை வைத்து நீ லாபம் பார்க்கக் கூடாது. பொருளைக் கொடுப்பதும் சாதிதான், பொருள் சேராமல் பார்த்துக்கொள்வதும் சாதிதான்.

இது ஏட்டோடு நின்றுபோன சங்கதி இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அதை எழுதி வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை, செருப்பு, குடை கூடாது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. ஒரு பித்தளைக் குடம் சேரி வீட்டில் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? மண்சட்டி உடைந்தால் ஓடு, அதற்கு விலையில்லை. பித்தளை நசுங்கினாலும் எடைக்குப் போகும், அடகுக்குப் போகும், கஷ்டத்தில் கை கொடுக்கும். பித்தளை என்பது சேமிப்பு. மறுபடி விற்கக்கூடிய எதையும் நம்மிடம் விட்டுவைக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தடையின் பொருள். அடுத்த வருடம் தடைகளைப் பதினொன்றாக்கினார்கள்.

தமிழ்நாட்டை விட்டு மராட்டியத்துக்குப் போவோம். அங்கேதான் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் கிடைத்தது.

மராட்டியக் கிராமத்தில் மகர்கள் வதன் முறையில் கட்டுண்டு கிடந்தார்கள். ஊர் வேலை அத்தனையும் செய்ய வேண்டும். பதிலுக்குக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் தானியம், பழைய சோறு, செத்த மாடு, பிணத்தின்மேல் போட்ட துணி. இதற்குப் பெயர் ‘உரிமை’! அம்பேத்கர் இந்த ‘உரிமை’யைத்தான் முதலில் உடைத்தார். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் செத்த மாட்டிறைச்சியையும் எச்சில் சோற்றையும் விட்டொழிக்கச் சொன்னார். அதே வருடம் டிசம்பர் 25 அன்று அங்கேயே மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1928இல் வதன் முறையைத் திருத்த பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அவர் மறைந்த பிறகு, 1958இல்தான் கீழ்நிலை வதன்களை ஒழிக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர நிலம் வரவில்லை. 1972இல் பெரும் பஞ்சம் வந்தது. மராத்வாடாவிலிருந்தும் மற்ற வறண்ட பகுதிகளிலிருந்தும் மகர், மாங் சாதி மக்கள் கூட்டம் கூட்டமாய்ப் புனேவுக்குக் கிளம்பினார்கள்.

நகரத்தில் ஆண்களுக்குக் கூலி வேலை கொஞ்சம் கிடைத்தது. பெண்களுக்கு? வீட்டு வேலைக்குப் போனால் சாதி கேட்பார்கள். குப்பைத் தொட்டி யாரிடமும் சாதி கேட்கவில்லை. ஒரு சாக்கும் கையில் ஒரு கொக்கியும் இருந்தால் போதும், முதல் தேவையில்லை, முதலாளியும் இல்லை. விடியுமுன் போய்ப் பொறுக்கி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து, மத்தியானம் மர நிழலிலோ பாதையோரத்திலோ உட்கார்ந்து பிரிப்பார்கள். பொறுக்குவது பாதி வேலைதான், பிரிப்பதில்தான் காசு. வெள்ளைத்தாள் வேறு, அட்டை வேறு, செய்தித்தாள் வேறு. பிளாஸ்டிக்கில் கெட்டி வேறு, பை வேறு. எல்லாம் கலந்து கிடந்தால் அது குப்பை. பிரித்துவிட்டால் சரக்கு. இந்த அறிவுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சான்றிதழ் தரவில்லை.

இன்னும் புழங்கக்கூடிய பொருள் கிடைத்தால் அதற்குத் தனி வழி. மூடி போன குக்கர், அறுந்த செருப்பு, கை உடைந்த பொம்மை, ஓடாத கடிகாரம் எல்லாம் கழுவித் துடைத்து, ஒட்டுப் போட்டு விற்கப்படும். புனேயில் புதன், ஞாயிறுகளில் கூடும் ஜூனா பஜார் இப்படிப்பட்ட பழைய சாமான்களுக்குப் பேர்போனது. சென்னையில் 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை அறிந்தவர்களுக்கு அந்தச் சந்தையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் லாபம் யாருக்குப் போகிறது? தொழிலுக்குள் ஒரு ஏணி இருக்கிறது. அடியில் தெருவில் பொறுக்கும் பெண். அதற்குமேல் தள்ளுவண்டியோடு வீடுவீடாய்க் காசு கொடுத்து வாங்குகிறவர். அதற்குமேல் கடைக்காரர், மொத்த வியாபாரி, உச்சியில் ஆலை. கடைக்காரரிடம் இடம் இருக்கிறது, தராசு இருக்கிறது, கடன் கொடுக்கப் பணம் இருக்கிறது. தராசு அவர் கையில் இருக்கும்போது எடை நம் கையில் இருக்குமா? முன்பணம் வாங்கியவள் வேறு கடைக்குப் போக முடியாது. ஊரில் வதன் என்றால் நகரத்தில் முன்பணம்.

போலீஸ் தொல்லை தனி. கடையில் செம்புக் கம்பி இருந்தால் வியாபாரம். அதே கம்பி அவள் சாக்கில் இருந்தால் திருட்டு. எங்கே எடுத்தாய் என்று கேட்டால் தொட்டியில் எடுத்தேன் என்பாள். தொட்டி வந்து சாட்சி சொல்லுமா? ரசீது இல்லாத பொருளை வைத்திருப்பதே குற்றமாகத் தெரிகிற கண்களுக்கு முன்னால்தான் இந்தப் பெண்கள் தினமும் நடந்தார்கள்.

1990 வாக்கில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் புனே பிரிவைச் சேர்ந்தவர்கள் குப்பை பொறுக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரப் போனார்கள். படிப்பு இருக்கட்டும், முதலில் குப்பையை வீட்டிலேயே பிரித்து எங்க கையில குடுக்கச் சொல்லுங்க என்பதுதான் அந்தப் பெண்கள் வைத்த கோரிக்கையின் சாரம். அப்படி நேரே வாங்கத் தொடங்கியபோது ஒரு தனியார் வண்டி குப்பை எடுக்க வந்தது. பெண்கள் தெருவில் இறங்கினார்கள். காசு இல்லாதவரை நாறிக்கொண்டிருந்த பொருள், காசு உண்டென்று தெரிந்ததும் மணக்க ஆரம்பித்துவிட்டது என்பது அப்போது புரிந்தது. 1993 மே மாதம் மாநாடு கூட்டினார்கள். சுமைதூக்கும் தொழிலாளரைத் திரட்டிய பாபா ஆடவ் முன்னின்றார். காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்று சங்கம் பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்பதே அந்தப் பெயரின் பொருள்.

சங்கம் அடையாள அட்டை கொடுத்தது. 1990களின் நடுவில் புனே மாநகராட்சி அதற்கு ஒப்புதல் அளித்தது. ஒரு துண்டு அட்டைதான். ஆனால் போலீஸ்காரர் கேட்டால் எடுத்து நீட்ட ஏதோ ஒன்று இருந்தது. திருடி என்ற பெயர் போய்த் தொழிலாளி என்ற பெயர் வந்தது. பிறகு கடன் கூட்டுறவு, சொந்த எடைக்கடை, மாநகராட்சி செலவில் மருத்துவக் காப்பீடு என ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி வாங்கினார்கள். 2008இல் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவை அமைத்து வீடுவீடாய்க் குப்பை எடுக்கும் வேலையை மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வீட்டார் சேவைக் கட்டணம் தர வேண்டும், பிரித்த சரக்கு எடுப்பவளுக்கே சொந்தம். 2000ஆம் ஆண்டின் நகரத் திடக்கழிவு விதிகளில் இவர்கள் கண்ணில் படவில்லை. 2016 விதிகளில் குப்பை பொறுக்குவோர் என்று ஒரு தரப்பு இருப்பது எழுத்தில் இடம்பெற்றது.

இங்கே நமக்குள் ஒரு கேள்வி எழ வேண்டும். குப்பையில் உரிமை கேட்பது குப்பையிலேயே கிடக்கச் சம்மதிப்பது ஆகாதா? தோட்டி வேலையைப் புனிதம் என்று காந்தி புகழ்ந்தபோது அம்பேத்கர் கொதித்தார். எங்கள் இழிவுக்குப் பூ வைக்காதே என்பதுதான் அவர் வாதம். அந்தக் கோபம் இன்றைக்கும் நமக்கு வேண்டும். ‘சுற்றுச்சூழல் வீரர்கள்’ என்று பொன்னாடை போர்த்திவிட்டுக் கையுறைகூடத் தராத ஊர்களில் அது இன்னும் கூடுதலாக வேண்டும். குப்பை எடுக்கிறவர் என்ன சாதி என்று எண்ணிப் பார்த்தால் மனு எங்கேயும் போய்விடவில்லை என்பது தெரியும்.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. பழசைப் பிச்சையாய் வாங்கியவள் குனிந்து வாங்கினாள், மறுநாள் வேலைக்கு வராவிட்டால் அதைச் சொல்லிக்காட்டி ஏசினார்கள். அதே பழசை எடைபோட்டு விற்றவள் யாருக்கும் கடன்பட்டவள் இல்லை. அவள் 129ஆம் சுலோகத்தை மீறுகிறாள். அந்தக் காசில் மகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது 125ஐயும் மீறுகிறாள். அந்த மகள் கையில் கொக்கி வரக் கூடாது என்பது நம் கோரிக்கை. அதுவரைக்கும் தாயின் சாக்கை எந்தக் கான்டிராக்டரும் பிடுங்கக் கூடாது என்பதும் நம் கோரிக்கை. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை.