கடலோர மாளிகையில் சத்தம் வராத ஓர் அறை

பிளினி என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது மூத்த பிளினிதான். முசிறி, மிளகு, பாண்டியன் ஆளும் மதுரை, வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்ற புலம்பல், இதையெல்லாம் எழுதிவைத்தவர். சங்ககால வணிகம் பற்றிப் படிப்பவர்கள் அவரைத் தாண்டிப் போகவே முடியாது. இந்தக் குறிப்பு அவரைப் பற்றியதல்ல, அவருடைய சகோதரி மகனைப் பற்றியது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து மூத்தவர் இறந்தபோது இவருக்கு வயது 17. தாய்மாமன் உயில் எழுதி இவரைச் சுவீகாரப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதால், பெயரும் சொத்தும் இவருக்கு வந்தன. பிறகு வக்கீல், செனட்டர், பெரும் பணக்காரர். தன் கடிதங்களைத் தானே தொகுத்து வெளியிட்டதால் இன்றைக்கும் நம்மிடம் இருக்கிறார்.

அந்தக் கடிதங்களில் ஒன்று, கடற்கரையில் இருந்த தன் மாளிகையைப் பற்றி நண்பர் காலஸுக்கு எழுதியது. லாரண்டம் என்ற இடம். ரோமிலிருந்து 17 ரோமானிய மைல், நம் கணக்கில் சுமார் 25 கிலோமீட்டர். பகல் முழுக்க நகரத்தில் வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார். பாதையில் கொஞ்ச தூரம் மணல். வண்டிக்குச் சிரமம், குதிரைக்குப் பிரச்சினையில்லை. இன்றைய சொகுசு விடுதி விளம்பரங்களில் வரும் 'நகரத்திலிருந்து ஒரு மணி நேரம்தான்' என்கிற வாசகத்துக்கு வயசு எவ்வளவு என்று பாருங்கள்!

ரோமானியர் ஓய்வுக்கு 'ஓட்டியம்' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதோடு மறுப்பைச் சேர்த்து 'நெகோட்டியம்' என்றால் அலுவல். அதாவது வேலை என்பதே ஓய்வில்லாமை. பணம் உள்ளவர்கள் அந்த ஓட்டியத்துக்காகக் கடற்கரையில் வீடு கட்டினார்கள். லாரண்டம் கரையில் வரிசையாக நின்ற மாளிகைகளைக் கடலிலிருந்து பார்த்தால் பல ஊர்கள் அடுத்தடுத்து இருப்பதுபோலத் தெரியும் என்று பிளினியே எழுதுகிறார்.

வீட்டைச் சுற்றிக் காட்டும் விதம் ரசிக்கத்தக்கது. கடலை நோக்கி நீண்டுபோகும் ஒரு சாப்பாட்டுக்கூடம். தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஓய்ந்துபோன அலையின் நுனி அதன் அடியைத் தொட்டுவிட்டுப் போகும். மூன்று பக்கமும் சன்னல் இருப்பதால் மூன்று கடல்களைப் பார்ப்பதுபோல இருக்கும். பின்னால் திரும்பினால் காடும் தூரத்து மலையும். நீந்திக்கொண்டே கடலைப் பார்க்கலாம் என்று ஒரு வெந்நீர்க் குளம். திரும்பத் திரும்பப் படிக்கிற புத்தகங்களை வைக்கச் சுவரில் ஓர் அலமாரி. தோட்டத்தில் அத்தியும் முசுக்கொட்டையும். ஓடும் தண்ணீர் கிடையாது, ஆனால் எங்கே தோண்டினாலும் கரிக்காத நீர். விறகு பக்கத்துக் காட்டிலிருந்து வரும். கடலில் விலையுயர்ந்த மீன் அவ்வளவாக இல்லை, நாக்குமீனும் நல்ல இறாலும் உண்டு. திடீரென்று வந்துவிட்டால் வீட்டுக் குளியலறையைச் சூடாக்க வேண்டாம். பக்கத்துக் கிராமத்தில் கட்டணக் குளியலறைகள் மூன்று இருக்கின்றன.

இந்தக் கடிதத்தை மட்டும் வைத்து எத்தனையோ கட்டடக் கலைஞர்கள் அந்த மாளிகையை வரைந்து பார்த்திருக்கிறார்கள். 1615இல் ஸ்கமோட்ஸி, 1728இல் காசல், 19ஆம் நூற்றாண்டில் ஷிங்கல் என்று அது ஒரு தனி மரபாகவே ஆகிவிட்டது.

நான் நின்றுபோனது வேறொரு இடத்தில். மாளிகையின் கோடியில், தோட்டத்தைத் தாண்டி, பிளினி தனக்கென்று ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டார். என் உயிர் இது, நானே கட்டியது என்று கொஞ்சுகிறார். அதில் ஒரு படுக்கையறை. அங்கே வேலை செய்யும் அடிமைகளின் குரல் கேட்காது, அலையோசை கேட்காது, புயல் கேட்காது, சன்னலைத் திறக்காவிட்டால் மின்னலும் பகலும்கூடத் தெரியாது. காரணத்தையும் அவரே விளக்குகிறார்: அறைச் சுவருக்கும் தோட்டச் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவழி இருக்கிறது, அந்த வெற்றிடம் சத்தத்தை விழுங்கிவிடும்.

கடலைப் பார்க்க வீடு கட்டியவர் கடைசியில் கடலே கேட்காத அறையில் போய்ப் படுக்கிறார். அது அவர் இஷ்டம். ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் வருவது எது? அலை இல்லை, புயலும் இல்லை. அடிமைகளின் குரல். சாட்டர்னேலியா என்பது டிசம்பரில் வரும் பண்டிகை. அந்த நாட்களில் அடிமைகளுக்குச் சத்தம் போட்டுக் கொண்டாட அனுமதி உண்டு. அப்போது இந்த அறைக்கு வந்துவிட்டால் அவர்கள் கொண்டாட்டத்துக்கு நானும் தொந்தரவில்லை, என் படிப்புக்கு அவர்களும் தொந்தரவில்லை என்கிறார்.

இத்தனை நீண்ட கடிதத்தில் விறகு வருகிறது, ஆனால் வெட்டிச் சுமந்தவர் வருவதில்லை. வெந்நீர் இருக்கிறது, அடுப்பில் தீ போட்டவர் இல்லை. அவர்கள் தலைகாட்டும் இன்னொரு இடம், வீட்டின் ஒரு பக்கத்தில் அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் புழங்கும் அறைகள். அவற்றையும் எப்படிச் சொல்கிறார்? பெரும்பாலானவை விருந்தாளிகளைத் தங்கவைக்கிற அளவுக்குச் சுத்தமானவை என்று!

பிளினி கொடுமைக்காரர் இல்லை, அதையும் சொல்லணும். இளம் அடிமைகள் நோயில் இறந்தபோது மனம் உடைந்து எழுதிய கடிதம் இருக்கிறது. சட்டத்தில் இடமில்லாவிட்டாலும் தன் வீட்டு அடிமைகள் உயில்போல எழுதி வைப்பதை அனுமதித்தார், அதன்படி நடக்கவும் செய்தார். அவர் உயிலில் 100 விடுதலை பெற்றவர்களின் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. உயிலின் மூலம் ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு அடிமைகளையே, அதுவும் 100 பேர்வரைதான் விடுவிக்கலாம் என்று சட்டம் இருந்தது. அதை வைத்து அவரிடம் குறைந்தது 500 அடிமைகள் இருந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

அதே கடிதத் தொகுப்பில் இன்னொரு கடற்கரை மாளிகையும் வருகிறது. ஃபோர்மியே என்ற ஊர். லார்சியஸ் மாசிடோ என்ற செனட்டர் அங்கே குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய அடிமைகளே சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கழுத்தைப் பிடித்தான், மற்றவர்கள் முகத்திலும் மார்பிலும் அடித்தார்கள். செத்துவிட்டாரா என்று பார்க்கச் சுடுகிற தளத்தில் தூக்கிப் போட்டார்கள். சில நாள் பிழைத்திருந்து, பழிவாங்கல் முடிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் செத்தார். மாசிடோ ஆணவமும் கொடூரமும் கொண்ட எஜமானன், அவர் அப்பாவே ஒரு காலத்தில் அடிமை என்பதையும் பிளினி மறைக்கவில்லை. ஆனால் அவர் வந்து சேரும் முடிவு: நல்லவனாக, தணிவாக நடந்துகொள்வதால் எந்த எஜமானனும் பத்திரமாக இருக்க முடியாது.

இதைப் படித்த பிறகு அந்தச் சத்தம் வராத அறை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. நிம்மதியாகத் தூங்க அவருக்கு இடைவழி தேவைப்பட்டது. அது தடுத்த சத்தம், அந்த நிம்மதியை உண்டாக்கியவர்களின் சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்தது? லாரண்டத்தில் அதைப் பார்க்க வழியில்லை. பொம்பெயிக்கு வெளியே சிவிடா ஜூலியானா என்ற இடத்து மாளிகையில் 2021இல் ஓர் அறை வெளிப்பட்டது. 16 சதுர மீட்டர். மேலே ஒரே ஒரு சிறிய சன்னல். மூன்று மரக் கட்டில்கள், இரண்டு 1.70 மீட்டர், ஒன்று 1.40 மீட்டர் நீளம். சின்னக் கட்டில் இருப்பதால் ஒரு குடும்பமே அங்கே இருந்திருக்கலாம் என்கிறார்கள் தொல்லியலாளர்கள். மூலையில் எட்டு ஆம்போரா ஜாடிகள், குதிரைச் சேணப் பொருள்கள் உள்ள பெட்டி. அதாவது தூங்கும் இடமே சாமான் அறை. லாரண்டம் அறையை வரைந்து பார்க்கக் கடிதம் இருந்தது. இந்த அறையைப் பற்றி ஒருத்தரும் கடிதம் எழுதவில்லை; எரிமலைச் சாம்பல்தான் காப்பாற்றி வைத்திருந்தது.

அடுத்த முறை எங்காவது கடலோர விடுதியில் 'பூரண அமைதி' என்ற வாசகத்தைப் பார்த்தால், இடைவழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பார்க்கணும்.