நந்தனார் சரித்திரம்: அச்சும் இசைத்தட்டும்

கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ என்னும் இசைநாடகம், 19ஆம் நூற்றாண்டில் காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் அச்சேறியது. பெரியபுராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையாரைப் படைத்து, பண்ணையடிமையின் துயரை அது முன்வைத்தது. கொங்குநாட்டுக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த ‘பக்த நந்தனார்’ திரைப்படம் 1935இல் வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. அக்காலத்து இசைத்தட்டு ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே கொண்டது. ஆதலின் கதை தனிப்பாடல்களாகப் பிரிந்து பரவியது. கச்சேரி மேடையும் தனிப்பாடல்களையே தேர்ந்தது. கேட்போர் நினைவில் நந்தனாரின் பக்தி நிலைத்தது. வேதியரோடு அவர் நிகழ்த்திய வாதம் பின்தங்கியது. எனவே ஒலிப்பதிவுகளை அச்சுநூலோடு இணைத்து ஆராய்ந்தாலன்றி, அப்படைப்பின் சமூக உள்ளடக்கம் முழுமையாகப் புலப்படாது.