சரக்கைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்களா?

ஓசூர் சிப்காட் பக்கம் சிறு பட்டறை வைத்திருப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் கொடுக்க முன்பெல்லாம் மூன்று விஷயம் போதும். அளவு சரியாக இருக்க வேண்டும், சொன்ன தேதியில் போய்ச் சேர வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும். இப்போது கூடவே ஒரு படிவமும் வருகிறது. வேலை செய்கிறவர்களின் வயதுச் சான்று உண்டா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறீர்களா, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தருகிறீர்களா, கழிவுநீர் எங்கே போகிறது, தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். ‘சப்ளையர் கோட்’ என்று அதைச் சொல்கிறார்கள்.

இது ஏதோ நேற்று முளைத்த சங்கதி என்று நம் வயதுக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். வாங்குகிறவர் விதி போடுவதும், செய்து கொடுப்பவர் அதற்குக் கட்டுப்படுவதும் மிகப் பழைய கதை. எதற்கு விதி போட்டார்கள் என்பதில்தான் மாற்றம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே கதையை அங்கிருந்து தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் பாகலூருக்கு வந்துவிடுவேன்.

நீலத் துணி

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி பிரான்சுக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. பிரெஞ்சில் அதற்கு ‘கினே’ என்று பெயர். செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணியைக் கொடுத்துப் பதிலுக்கு வேலம்பிசின் வாங்கினார்கள். அங்கே அது காசு போலவே புழங்கியது. பாலைவனத்து வியாபாரிகள் துணியைத் தொட்டுப் பார்த்து, பளபளப்பைப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துத்தான் வாங்குவார்கள். மட்டமான துணி வரக் கூடாது என்பதற்காகப் பிரெஞ்சு அரசே நீளம், அகலம், எடைக்கு விதி போட்டது.

யோசித்துப் பாருங்கள். கடல் கடந்து இருந்த வாங்குபவருக்குத் துணியின் வாசனை வரைக்கும் அக்கறை இருந்தது. சாயத் தொட்டியில் கை நனைத்தவர் எத்தனை மணி நேரம் நின்றார், என்ன கூலி வாங்கினார் என்பது அந்த விதிகளின் கணக்கிலேயே இல்லை.

பின்னாளில் புதுச்சேரியில் பஞ்சாலைகள் வந்தன. 1936இல் பிரான்சில் லியோன் புளூம் அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு, அதே மூவண்ணக் கொடி பறந்த புதுச்சேரியில், வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கவும் உரிமை கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 1937இல்தான் 8 மணி நேர வேலை அங்கே சட்டமானது. வ. சுப்பையா போன்றவர்கள் தலைமை தாங்கிய போராட்டம் அது. புதுச்சேரியில் இன்றைக்கும் ஜூலை 30ஐத் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறார்கள்.

ஓசூர்ப் பக்கம்

இப்போது நம் பகுதிக்கு வருவோம். 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு பெரிய ஆலையைச் சுற்றியும் அதற்குப் பாகம் செய்து தரும் சிறிய பட்டறைகள் முளைத்தன.

டைட்டன் 1984இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். 1990களில் அவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அப்போது நாம் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனியானது 2004இல்தான். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியிருந்தன. மைராடா என்ற தொண்டு நிறுவனமும் டைட்டனும் பேசி, கைக்கடிகாரச் சங்கிலியின் கண்ணிகளைக் கோக்கும் வேலையை அந்தக் குழுப் பெண்களிடம் கொடுத்தார்கள். பிறகு அது ‘மெடோ’ என்ற பெயரில் அந்தப் பெண்களே பங்குதாரர்களாக இருக்கும் ஒரு கம்பெனியானது. கூலிக்கு வேலை செய்தவர்களே சப்ளையர் ஆனார்கள். ஆண்டு முடிவில் கணக்குப் புத்தகம் அவர்கள் முன்னால் வரும்.

நகை விஷயத்தில் இன்னொன்று. தங்க வேலை செய்யும் ஆசாரிகள் எப்படி இருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். சின்ன அறை, மங்கலான வெளிச்சம், தரையில் குனிந்தபடி வேலை, பக்கத்திலேயே அமிலப் புகை. தனிஷ்க் தனக்கு நகை செய்து தரும் கைவினைஞர்களுக்காக ஓசூரில் ‘காரிகர் பார்க்’ ஒன்றை அமைத்து, காற்றோட்டமான கூடத்தில் மேசை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும்படி ஏற்பாடு செய்தது. சப்ளையர்களை ஆள், செய்முறை, இடம், சுற்றுச்சூழல் என்று நான்கு தலைப்பில் மதிப்பிடும் முறையும் கொண்டுவந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் வாங்குகிற கம்பெனி படிவத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இடத்துக்கும் பயிற்சிக்கும் தானும் செலவு செய்தது.

நரசாபுராவும் ஸ்ரீபெரும்புதூரும்

படிவம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பாகலூரில் மாலூர் சாலையைப் பிடித்தால் சிறிது தூரத்தில் கர்நாடக எல்லை. மாலூர் தாண்டி வடக்கே போனால் கோலார் மாவட்டத்து நரசாபுரா. அங்கே தைவான் நாட்டு விஸ்ட்ரான் கம்பெனி ஆப்பிளுக்கு ஐபோன் செய்து கொடுத்தது. ஆப்பிள் 2005 முதலே சப்ளையர்களுக்கு நடத்தை விதி வைத்திருக்கும் கம்பெனி. வேலை நேரம், சம்பளம், விடுதி எல்லாம் அதில் உண்டு.

2020 டிசம்பர் 12 காலை, இரவு ஷிஃப்ட் முடிந்த நேரத்தில் நரசாபுராவில் கண்ணாடிகள் உடைந்தன, வண்டிகள் கவிழ்ந்தன. அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பிறகு கர்நாடக அரசின் தொழிற்சாலைகள் துறை விசாரித்தபோது வெளிவந்த விஷயங்களைப் பாருங்கள். குறுகிய காலத்தில் ஆள் எண்ணிக்கை 5,000இலிருந்து 10,500 ஆகியிருந்தது. பெரும்பாலோர் ஆறு ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் வந்தவர்கள். 8 மணி நேர ஷிஃப்ட் 12 மணி நேரமாகியிருந்தது. சம்பளத்திலும் ஓவர்டைம் கணக்கிலும் குளறுபடி. ஆப்பிள் விஸ்ட்ரானைத் தகுதிகாண் நிலையில் வைத்துப் புது ஆர்டரை நிறுத்தியது. விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டு, இந்தியப் பொறுப்பில் இருந்த துணைத் தலைவரை நீக்கியது. 2023இல் அந்த ஆலையை டாட்டா வாங்கிக்கொண்டது.

ஓராண்டு கழித்து ஸ்ரீபெரும்புதூர். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் கெட்ட உணவால் 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று பதில் வராததால் மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஓசூர் வழியாகப் போகும் அதே சாலைதான். சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் விதிப்படி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது.

இரண்டு இடத்திலும் விதி காகிதத்தில் இருந்தது. சோதனை செய்யவும் ஏற்பாடு இருந்தது. பிறகு ஏன் தெருவுக்கு வந்த பிறகே தெரிந்தது? ஒரு பழைய குமாஸ்தாவுக்கு இது புதிரே இல்லை. அரசு அலுவலகத்தில் ஆண்டாய்வுக்கு அதிகாரி வரும் தேதி பத்து நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். ரிஜிஸ்டர்களுக்குப் புது அட்டை போட்டாகும். அன்றைக்கு மட்டும் குடிதண்ணீர்ப் பானை கழுவியிருக்கும். வருகிறவர் கோப்பைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், போவார். வெளியே வராந்தாவில் மூன்று மாதமாக மனுவோடு நிற்கும் கிழவியை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. கோப்பில் எல்லாம் சரியாக இருக்கும்.

திண்டுக்கல் ஒப்பந்தம்

அந்தக் கிழவியைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல்லைச் சொல்லலாம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொலையானார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அங்கே பெண்கள் படும் தொல்லைகளும் அப்போதுதான் வெளியே வந்தன. அந்த ஆலை எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தது.

2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை முதலாளியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், எச் அண்ட் எம், இன்னும் சில அமைப்புகள் அதில் சேர்ந்தன. தொழிலாளிகளிலேயே சில பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லை நடந்தால் அங்கேயே பதிவு செய்யச் சொன்னார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்குகிற நிறுவனம் ஆர்டரில் கை வைக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன, பெரும்பாலானவை தீர்ந்தன. நூறு புகார் வந்தது கெட்ட செய்தி என்று நினைக்காதீர்கள். பேச வாய் கிடைத்தது என்று அதற்கு அர்த்தம்.

சட்டம் என்ன சொல்கிறது

2013 ஏப்ரல் 24இல் பங்களாதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்தார்கள். இடிபாடுகளில் பிரெஞ்சுக் கடைகளின் சட்டை முத்திரைகளும் கிடந்தன. அதன் விளைவாக 2017 மார்ச் 27இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. ‘தெவ்வார் த விஜிலான்ஸ்’, அதாவது விழிப்பாக இருக்கும் கடமை. பிரான்சில் 5,000 பேர் அல்லது உலக அளவில் 10,000 பேர் வேலை செய்யும் கம்பெனிகள் தங்கள் துணை ஒப்பந்ததாரர், சப்ளையர் வரைக்கும் ஆளுக்கும் மண்ணுக்கும் வரக்கூடிய கேட்டைக் கண்டறிந்து தடுக்கத் திட்டம் எழுதி வெளியிட வேண்டும். 2023 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் பிரெஞ்சு அஞ்சல் நிறுவனமான லா போஸ்த்தின் திட்டம் போதாது என்று தீர்ப்புச் சொன்னது. துணி எடைக்கு விதி போட்ட அதே நாடு, நெய்தவரைப் பற்றிச் சட்டம் போட இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நம் நாட்டில் செபி, பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் இது போன்ற விவரங்களை அறிக்கையாகத் தர வேண்டும் என்றது. ஆனால் சப்ளையர்களைப் பற்றிய பகுதியைப் பிறகு விருப்பப்பட்டால் தரலாம் என்று தளர்த்திவிட்டது.

மண்ணும் நீரும் என்றேன் அல்லவா? நம் தென்பெண்ணையைப் பாருங்கள். கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் வரும்போதே பெங்களூருவின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்து வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் நுரை பொங்குகிறது. யாருடைய கழிவு என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டுகிறார்கள். பெரிய கம்பெனியின் கணக்கில் அதன் ஆலைத் தண்ணீர் சுத்தமாக இருக்கும். முலாம் பூசிக் கொடுக்கும் சின்னப் பட்டறையின் தொட்டித் தண்ணீர் யார் கணக்கிலும் வராது. அந்தப் பட்டறைக்காரரிடம் சுத்திகரிப்பு இயந்திரம் வை என்று ஒரு கடிதமும், அடுத்த ஆண்டு விலையைக் குறை என்று இன்னொரு கடிதமும் ஒரே ஆபீசிலிருந்து வந்தால் அவர் எந்தக் கடிதத்துக்குக் கட்டுப்படுவார்? இதே ஆற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாகப் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கும் போகிறது. இங்கே விட்டதைக் கடைசியில் எங்கள் ஊர் நெல்வயலும் குடிக்கிறது.

ஆக, நான் படித்துப் பார்த்தவரையில் இரண்டு இருந்தால்தான் இந்த விதிகளுக்கு உயிர் வருகிறது. ஒன்று, விதி போடுகிறவர் அதன் செலவில் பங்கு ஏற்க வேண்டும். இரண்டாவது, வேலை செய்கிறவர் பயமில்லாமல் பேச வேண்டும். மெடோவில் முதலாவது இருந்தது. திண்டுக்கல்லில் இரண்டாவது வந்தது. நரசாபுராவில் இரண்டுமே இல்லை.

இப்போது தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகம் செய்ய ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வெளியூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். நம் உறவிலும் தெருவிலும் சப்ளையர் பட்டறைகளுக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. நம்மால் பாரிசில் வழக்குப் போட முடியாது. ஆனால் விடுமுறையில் வீட்டுக்கு வரும் பேத்தியிடம் சம்பளச் சீட்டு கையில் தருகிறார்களா, ஓ.டி.க்கு எவ்வளவு வந்தது, பி.எஃப். எண் தெரியுமா, விடுதியில் சாப்பாடு எப்படி, குறை இருந்தால் யாரிடம் சொல்வாய் என்று கேட்க முடியும். கடைசிக் கேள்விக்கு அவள் சட்டென்று ஒரு பெயரைச் சொன்னால் நல்லது. யோசித்தால், உட்கார வைத்து இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்கள்.