ஒரு வரி எச்சரிக்கையின் வரலாறு

குளியலறை மாடத்தில் நிற்கும் ஷாம்பூக் குப்பியைத் திருப்பிப் பார்த்தால், மூலப்பொருட்களின் நீண்ட பட்டியலுக்கு அருகே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கண்ணில் பட்டால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும் என்பது அதன் சாரம். நாம் அதைப் படிப்பதில்லை. எண்ணெய்க் குளியலன்று சீயக்காய்ப் பொடி கண்ணில் விழுந்து அலறிய பிள்ளைப் பருவம் வாய்த்தவர்களுக்கு அந்த அறிவுரையை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதுமில்லை. ஆயினும் அவ்வரி எதன் அடிப்படையில் எழுதப்பட்டது, அதற்கான அறிவு யாருடைய கண்களிலிருந்து பெறப்பட்டது என்று கேட்கத் தொடங்கினால், சென்ற நூற்றாண்டின் வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி நம்முன் திறக்கிறது.

அப்பட்டியலில் நீருக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் காணப்படும் பெயர் சோடியம் லாரில் சல்பேட், அல்லது அதன் நெருங்கிய உறவான சோடியம் லாரெத் சல்பேட். முன்னதன் மூலக்கூறுக்கு 12 கார்பன் அணுக்கள் கோத்த ஒரு வால் உண்டு; அது எண்ணெயை நாடும். தலைப்பகுதியோ நீரை நாடும். இரண்டுக்கும் நடுவே நின்று அழுக்கையும் எண்ணெயையும் நீரோடு சேர்த்து அனுப்பிவிடும் பொருள் இது. சோப்பும் சீயக்காயும் செய்வது இதே வேலையைத்தான். ஆனால் தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பும் கண்ணின் மேற்படலமும்கூட இம்மூலக்கூறுக்கு அழுக்கிலிருந்து வேறுபட்டவை அல்ல. எது போக வேண்டியது, எது இருக்க வேண்டியது என்று பகுத்தறியும் ஆற்றல் அதற்கு இல்லை. அதன் பயனும் ஆபத்தும் ஒரே குணத்தின் இரு முகங்கள்.

இவ்வகைச் செயற்கைப் பொருட்களின் பிறப்பு பஞ்சத்தோடு தொடர்புடையது. முதல் உலகப்போரின்போது ஜெர்மனியில் சோப்புக் காய்ச்சக் கொழுப்புக் கிடைக்கவில்லை. 1917இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் ஃப்ரிட்ஸ் குந்தர் நிலக்கரித்தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு சோப்புக்கு ஒரு மாற்றைத் தேடினார். அது நன்றாக நனைத்ததே தவிர நன்றாக வெளுக்கவில்லை. பின்னர் கெம்னிட்ஸ் நகரின் ப்யோமே நிறுவனத்தில் ஹைன்ரிஷ் பெர்ட்ஷ், கொழுப்பு ஆல்கஹாலைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சல்பேட்டுகளை உருவாக்கினார். அங்கிருந்து 1932இல் ஃபேவா என்ற துணிதூள் வந்தது. அந்நுட்பத்தின் உரிமையைப் பெற்ற அமெரிக்காவின் ப்ராக்டர் அண்டு கேம்பிள், 1933இல் ட்ரெஃப்ட் என்ற துணிதூளையும், 1934இல் ட்ரீன் என்ற ஷாம்பூவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உப்புநீரில் சோப்புத் தேய்த்தால் தலைமுடியில் படியும் வெள்ளைக் கசடு இதில் படியவில்லை. துணிக்கென்று பிறந்த பொருள் இரண்டே ஆண்டுகளில் தலைக்கு ஏறியது.

அந்த வேகத்துக்கு ஈடாகச் சட்டம் நகரவில்லை. அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கண்காணித்தது. அழகுப்பொருட்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. 1933 வாக்கில் லாஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயத்தைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலர் பார்வையிழந்தனர், ஒருவர் உயிரிழந்தார். அச்சாயத்தைக் கடைகளிலிருந்து அகற்ற அரசுக்கு அதிகாரம் இருக்கவில்லை. 1938 ஜூனில் புதிய சட்டம் கையெழுத்தான பிறகுதான் அது பறிமுதலாயிற்று. சாயம் வேறு, நுரைப்பொருள் வேறு என்றாலும், ஷாம்பூவும் அழகுப்பொருள் என்ற வகையில் அதே சட்டத்தின்கீழ் வந்தது. சோப்புக்கு மட்டும் அச்சட்டம் விலக்களித்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

தீங்கானதைத் தடுக்கலாம் என்றால், தீங்கை அளப்பது எப்படி? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் ட்ரைஸ் என்ற நச்சியல் அறிஞர் 1944இல் தம் சக ஆய்வாளர்களோடு ஒரு முறையை வெளியிட்டார். வெள்ளை முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலிட்டர் பொருளை இட்டு, இமையை ஒரு நொடி மூடிப்பிடித்துவிட்டு, நாட்கணக்கில் அந்தக் கண்ணைக் கவனிப்பார்கள். சிவப்பு, வீக்கம், கருவிழிப் படலத்தின் மங்கல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. மொத்தம் 110, அதில் கருவிழிப் படலத்துக்கு மட்டும் 80. மற்றொரு கண் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைக்கப்படும். ஷாம்பூக்களில் சேரும் நுரைப்பொருட்களும் இந்தச் சோதனைக்கு உள்ளாயின. குழந்தையின் கண்ணை எரிக்காத ஷாம்பூ என்று 1950களில் விளம்பரமான குப்பிகளும் அந்தக் காலத்தின் விளைச்சல்தான்.

இந்த ஏற்பாட்டை எளிதில் கண்டித்துவிட முடியவில்லை. எளிதில் ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. பார்வையிழந்த பெண்களை நினைத்தால் சோதனை தேவை என்று தோன்றுகிறது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையில்லாத ஒரு பிராணியை நினைத்தால், நம் தலைமுடியின் மினுக்கம் அதற்கு ஈடாகுமா என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வியைப் பொதுவெளியில் உரக்கக் கேட்டவர் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹென்றி ஸ்பைரா. 1980 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அவர் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து ரெவ்லான் நிறுவனத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். அவர் சோதனையே வேண்டாம் என்று வாதிடவில்லை, மாற்றுச் சோதனைக்குப் பணம் ஒதுக்குங்கள் என்றார். அவ்வாண்டு முடிவதற்குள் ரெவ்லான் 7,50,000 டாலரை ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு வழங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் விலங்குகளின்மீது சோதிக்கப்பட்ட அழகுப்பொருட்களின் விற்பனையைத் தடைசெய்தது. இந்தியா 2014இல் அத்தகைய சோதனையையும், அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றின் இறக்குமதியையும் தடைசெய்தது. இன்று ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மனிதக் கருவிழித் திசுவின்மீது இச்சோதனைகள் நடக்கின்றன.

இவ்வளவுக்கும் பின் கிடைத்த அறிவு என்ன? அமெரிக்காவின் அழகுப்பொருள் மூலக்கூறு மறுஆய்வுக் குழு சோடியம் லாரில் சல்பேட்டைப் பற்றி 1983இல் வெளியிட்ட முடிவில் அது அடங்கியிருக்கிறது. சிறிது நேரம் பயன்படுத்தி, பிறகு நன்றாக அலசிவிடும் பொருட்களில் அது பாதுகாப்பானது. தோலிலேயே தங்கிவிடும் பொருட்களில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எவ்வளவு, எவ்வளவு நேரம் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடை அது. தோல் மருத்துவ ஆய்வாளர்கள் வேண்டுமென்றே தோலில் எரிச்சலை உண்டாக்கிப் பார்ப்பதற்கு, ஒட்டுத் துணியில் வைத்து ஒரு நாள் முழுதும் கட்டுவதும் இதே பொருளைத்தான். ஒரு நிமிடத்தில் அலசிவிட்டால் துப்புரவு. ஒரு நாள் கட்டி வைத்தால் புண். 1998 வாக்கில் இப்பொருள் புற்றுநோய் தரும் என்று மின்னஞ்சல்கள் உலகெங்கும் சுற்றின. அதற்குச் சான்று இருக்கவில்லை. பெயரைக் கண்டு அஞ்சியவர்கள் அளவையும் நேரத்தையும் கேட்க மறந்தார்கள். மெய்யான கவலை வேறிடத்தில் இருந்தது. லாரெத் வகையைத் தயாரிக்கையில் 1,4-டையாக்சேன் என்ற, புற்றுநோய் ஐயத்துக்குரிய பொருள் மிகச் சிறிதளவு கலந்துவிடுகிறது. வெற்றிடத்தில் அதைப் பிரித்தெடுக்க முடியும். நியூயார்க் மாநிலம் 2022 இறுதியிலிருந்து அதற்குச் சட்டப்படி வரம்பு கட்டியது.

குப்பியின் எச்சரிக்கையில் இடம்பெறாத ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் கைக்கு வரும்போது நீரில் கரைந்து அடங்கிப்போன இப்பொருள், தொழிற்சாலைக்குள் மூட்டை மூட்டையாக வெண்தூளாக நுழைகிறது. அந்த மூட்டையைப் பிரிப்பவரின் கண்ணுக்கு அது எரிச்சலோடு நிற்பதில்லை. நிலையான பாதிப்பையே தரக்கூடும். அதன் தூசி மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். எனவே பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, கையுறை, தூசித்தடுப்பு முகமூடி ஆகியவை அவருக்கு வேண்டும். தூளை மெதுவாக நீரில் தூவ வேண்டும். கீழே சிந்தினால் முதலில் காய்ந்த நிலையிலேயே, தூசி எழாமல் அள்ளிவிட வேண்டும். எடுத்த எடுப்பில் நீரை ஊற்றினால் தரை வழுக்கும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. நுரை நுரையீரலுக்குள் போய்விடும். தூசி எழாதிருக்க இப்போது இதை ஊசி வடிவிலும் மணி வடிவிலும் வார்க்கிறார்கள். மூட்டையின்மீது இவையெல்லாம் அச்சிடப்பட்டிருக்கலாம். அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு பொருள் தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல என்று சொல்லி நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் அதை அளவோடு கையாளும் அறிவு இலவசமாக வந்ததில்லை. இமைச்சாயம் பூசிய பெண்களும், பெயரற்ற முயல்களும், மூட்டை பிரித்த தொழிலாளர்களும் அதற்கான விலையைக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை நுரை கண்ணில் பட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு குழாயைத் தேடுகையில், நீர் எங்கே என்று நமக்குத் தெரியும். தெரிந்திருப்பது அவர்களால்.