ஓரியின் வேட்டமும் காரி புகுந்த தெருவும்

அயல்நாட்டு நகரொன்றைப் பகலெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் முகமறியாக் கூட்டத்தோடு நின்று பந்தாட்டம் காண்பது இந்நாளைய பயண இன்பங்களுள் ஒன்று. 2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, அரங்கினுள் இடம் கிடைக்காதோர் பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலருகே பெருந்திரையின் முன் திரண்டனர். ஊர்விட்டு ஊர் சென்றவர் ஒருவன் திறங்கண்டு வியந்து நின்ற காட்சிக்குத் தமிழில் பழஞ்சான்று தேடினால், நாம் கொல்லிமலைக்கு ஏற வேண்டியிருக்கிறது.

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் பாணர் கூட்டம் நாடோடிக் கூட்டம். அவர்கள் கண்முன்னே ஒருவன் அம்பு விடுகிறான். யானை, புலி, மான், பன்றி என ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது அது. ஒரே அம்பு இத்தனையையும் துளைத்ததா என்பது வீண் வழக்கு. புலவர் மிகைபடக் கூறுவது புதிதன்று. நம்மை நிறுத்துவது அதற்குப் பின் வருவது. எய்தவன் யாரென்று பார்த்தவர்க்குத் தெரியவில்லை. இறைச்சி விற்கும் வேட்டுவன் போலவும் இல்லை, செல்வன் போல் இருக்கிறான், ஓரிதானோ என்று தமக்குள் ஐயுறுகிறார்கள். முழவும் யாழும் ஒலிக்க, முறைப்படி எல்லாத் துறையும் பாடி முடித்து, ‘கோ’ என்று விளிக்கிறார்கள். அது தன்னைக் குறிக்கும் பெயராதலால் அவன் நாணுகிறான்! மேலும் புகழ விடாமல், மானிறைச்சியும் மதுவும் தன் மலைப் பொன்னும் அந்தக் காட்டிடையிலேயே கொடுத்துவிடுகிறான். பெற்றவர்கள் உண்ட களிப்பில் ஆடவும் மாட்டாது பாடலையும் மறந்தார்கள் என்கிறது அடுத்த பாட்டு.

இந்த ஓரியை முள்ளூர் மன்னன் காரி கொன்று, கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான். இதைச் சொல்வது அகநானூறு (209). ஆனால் அந்நாளின் ஓசை நற்றிணையில் (320) இருக்கிறது. விழா முடிந்து முழவு ஓய்ந்த ஊர்த் தெருவில் பரத்தை ஒருத்தி அழகு காட்டி நடக்கிறாள், ஊர் ஆரவாரிக்கிறது. ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரம் போல என்கிறார் கபிலர். ஓர் அரசின் வீழ்ச்சி, தெருவோர வேடிக்கைக்கு உவமையாகிவிட்டது. அக்கூட்டம் அழுததா, அஞ்சியதா, வென்றவனை வாழ்த்தியதா? ஓசை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, சொல் வரவில்லை. வரலாறு எழுதுவோர் வள்ளல் ஓரியை விரித்தெழுதி இத்தெருவை ஒரு வரியில் கடந்துவிடுவது நமக்கு உடன்பாடன்று.

ஆடிப் பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழாவுக்காக, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாமும் ஓராண்டு சென்றோம். செம்மேட்டில் ஓரியின் சிலை. வில்வித்தைப் போட்டி நடந்தது. இளைஞர் எய்ய, வெளியூரார் கைதட்டினார்கள். தன் பெயர் கேட்டு நாணியவனின் பெயரை ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. நண்பகலுக்குப் பின் கூட்டம் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாயகங்கைக்கும் கலைந்தது.

ஓரியின் தெரு எங்கே இருந்திருக்கும் என்று மலையாளிப் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து இம்மலைக்கு வந்த கதையைச் சொல்லத் தொடங்கினார்.